கரண்ட் போனால் வேகமெடுத்த லேப்டாப்

"கரண்டு போச்சுன்னா நல்லா ஓடுது அண்ணே. கரண்டு வந்தாதான் கிடந்து இழையுது."

லேப்டாப்பை மேசையில் வைத்ததும் அந்தப் பெண் சொன்னது இது. பக்கத்தில் நின்ற அப்பா, "நாலு மாசமா இதையேதான் சொல்லுகா. ஒருத்தரும் நம்பல்ல" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. தக்கலையில் லேப்டாப் சர்வீஸ் கடை போட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும், அதனால் கொஞ்சம் மந்தமாகும். சார்ஜர் போட்டதும் தெளிந்துவிடும். அதுதான் வழக்கம். தலைகீழாகச் சொல்கிறார் என்றால், ஏதோ இரண்டு நாள் தற்செயலாக நடந்ததை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் அவரை இரண்டாவது தடவை பஸ் ஏற வைத்திருக்க வேண்டாம்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். லேப்டாப் ஸ்லோ என்றாலே எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), ராம், ஃபார்மட் என்று மூன்று மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, எனக்கும் உண்டு. இந்த லேப்டாப்புக்கு மூன்றும் கொடுத்தாகிவிட்டது. நோய் அப்படியே இருந்தது.

லேப்டாப்பும் அதன் வீடும்

2025 ஆடி மாதம். குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊர். வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அந்தப் பெண் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய ஐசிடி-10 குறியீட்டைப் போட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட், அதாவது இத்தனை நோயாளிக் குறிப்பு, என்று கணக்கு இருக்கிறது. லேப்டாப் இழைந்தால் கணக்கு குறையும், கணக்கு குறைந்தால் மாதக் கடைசியில் ஊக்கத்தொகை போகும். அப்பா விசைப்படகில் டிரைவர். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடல் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அவர் வீட்டில் இருந்தார், மகளோடு வந்தார். அவர் வந்தது எனக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லேப்டாப் 2018-ல் வாங்கியது. இன்டெல் ஐ5-8250யு ப்ராசஸர், நான்கு கோர். உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். வாங்கும்போது 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பங்குனி மாதவாக்கில் மந்தமாக ஆரம்பித்திருக்கிறது. முதலில் ஒரு கடையில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மறுபடி அதே கதை. அதே கடையில் இன்னொரு 8 ஜிபி ராம் போட்டார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. மூன்றாவது தடவை போனபோது, "மாடல் பழசாயிட்டு, புதுசு வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவரை செலவு ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2018 மாடல், 5400 சுற்று ஹார்டு டிஸ்க் என்றால் நானும் முதலில் அதில்தான் கை வைத்திருப்பேன். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. தேடும் தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, அதற்கு முன் ஹெட் நகர்ந்துபோக அதைவிடக் கூடுதல் நேரம். கூட்டிக் கழித்தால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறைக்கூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகள் வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் கிடையாது. ஆகையால் அந்த மருந்து நல்ல மருந்துதான். கொடுத்த பிறகு நாடி பார்க்கவில்லை என்பதுதான் குறை.

முதல் நாள்: நான் செய்த தவறு

என் மேசையில், என் சார்ஜரைப் போட்டு ஆன் செய்தேன். 19 விநாடியில் டெஸ்க்டாப் வந்தது. பிரௌசர் சட்டென்று திறந்தது. எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் பார்த்தேன், 98 சதவீதம். வாசிப்பு வேகம் நொடிக்கு 520 எம்பிக்கு மேல். இந்த எஸ்எஸ்டி சேரும் சாட்டா என்ற இணைப்பில் 550-ஐத் தாண்டி எதிர்பார்க்க முடியாது என்பதால் அது சரியான அளவு. ராம் சோதனையில் பிழை எதுவும் இல்லை. ஸ்டார்ட்அப்பில் நாலைந்து தேவையில்லாத புரோகிராம்கள் இருந்தன, நிறுத்தினேன். அதெல்லாம் சில்லறை விஷயம்.

அப்புறம் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் 97 டிகிரி. இந்த ப்ராசஸருக்கு எல்லை 100 டிகிரி. வேகம் 3 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 1.7-க்கு இறங்கியது. அடிமூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் துடுப்புகளுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு படலம். சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும், இது பறக்கவில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; கடலோர வீடுகளின் லேப்டாப்பில் தூசி களிமண் போல ஒட்டிக்கொண்டு கிடக்கும், கூடவே நறநறவென்று பொடிமணல். இடுக்கியால் பிடித்து உரித்தபோது முழுத் துண்டாக வந்தது. ப்ராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, துடைத்துப் புதுசு வைத்தேன். மறுபடி அதே சோதனை: 79 டிகிரி, வேகம் 2.4-ல் நின்றது.

கண்ணுக்கு எதிரே ஒரு காரணம் கிடைத்தது, சரி செய்ததும் எண்கள் இறங்கின. அதோடு நான் நின்றுவிட்டேன். "சூடுதான் பிரச்சினை, சரியாயிட்டு" என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். இராத்திரி எட்டு மணிக்கு போன்: "அண்ணே, பழையபடிதான்."

என் தவறு எங்கே என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அவர் சொன்ன அறிகுறியை நான் பார்க்கவே இல்லை. என் கண்ணுக்கு முன்னால் ஒரு தடவைகூட அது இழையவில்லை. இழையாத லேப்டாப்பில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்து, அதுதான் இழைய வைத்த கோளாறு என்று முடிவுகட்டினேன். சூடு உண்மையான கோளாறுதான். ஆனால் சூட்டினால் வேகம் குறைந்தால் 1.7-க்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஆறி மறுபடி ஏறும். நாலு சார்ட் போடுகிற இடத்தில் ஒரு சார்ட் போட வைக்கிற அளவுக்கு அது கொண்டுபோகாது.

இரண்டாம் நாள்: தீப்பெட்டி

மறுநாள் மறுபடி வரச் சொன்னேன். இந்தத் தடவை சார்ஜரையும் கொண்டுவரச் சொன்னேன். "வீட்ல எப்படி வச்சு வேலை பாப்பீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே வையுங்க தங்கச்சி" என்றேன்.

அவர் லேப்டாப்பை வைத்தார். சார்ஜரைச் சொருகினார். பிறகு பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து, சார்ஜர் வயர் லேப்டாப்புக்குள் நுழையும் இடத்தில் அடியில் கொடுத்தார்.

"அது எதுக்கு?"

"இது வைக்கலன்னா சார்ஜ் ஏறாது அண்ணே. சில நேரம் வச்சாலும் ஏறாது."

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஸ்லோ என்று வந்தவர் சார்ஜ் ஏறாததைப் பற்றிப் பேச மாட்டார். அது வேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாம்தான் கேட்க வேண்டும்.

லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு, அதாவது ப்ராசஸர், பக்கத்துக்குப் போனேன். வேகம் என்ற இடத்தில் 0.39 கிகாஹெர்ட்ஸ். பிரௌசரைத் திறந்தேன், 0.39. ஒரு பெரிய ஃபோல்டரை ஜிப் செய்து சுருக்கக் கொடுத்தேன், அப்போதும் 0.39. எண் ஆணி அடித்த மாதிரி நின்றது. சார்ஜரைப் பிடுங்கினேன். ஒரே நொடியில் 2.9. மறுபடி சொருகினேன், 0.39.

"பாத்தியளா" என்றார் அப்பா, மகளைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். வேகம் 0.39-ல் சிக்கிக் கிடந்தபோது, ப்ராசஸர் மூச்சு முட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது, டாஸ்க் மேனேஜர் காட்டிய பயன்பாடு 22 சதவீதம்தான். யார் பார்த்தாலும், "சிபியு சும்மாதானே இருக்கிறது, அப்போ ராமோ டிஸ்க்கோதான்" என்று சொல்லிவிடுவார்கள். விண்டோஸ் 10-ல் அந்தச் சதவீதம் ப்ராசஸரின் அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. இந்த ப்ராசஸருக்கு டாஸ்க் மேனேஜர் காட்டும் அடிப்படை வேகம் 1.8. 0.39-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 சதவீதம். அதாவது கால் கட்டப்பட்ட ப்ராசஸர் முழு மூச்சில் ஓடினாலும் 22-ஐத் தாண்டாது. சதவீதத்தை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள வேகத்தையும் பார்க்க வேண்டும். ராம் போட்ட கடையில் இந்த 22-ஐப் பார்த்துத்தான் ராமுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஜிப் சோதனையின் நேரத்தையும் எழுதி வைத்தேன். அதே ஃபோல்டர்: சார்ஜரோடு 5 நிமிடம் 40 விநாடி, சார்ஜர் இல்லாமல் 48 விநாடி.

சார்ஜருக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்

இந்த மாதிரி லேப்டாப்பின் சார்ஜர் முனையைப் பார்த்தால், வட்டக் குழாயின் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். குழாயின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மின்சாரத்துக்கு. நடு ஊசி பேசுவதற்கு. சார்ஜருக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. "நான் 65 வாட் சார்ஜர்" என்று அந்த ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் அதைக் கேட்டு, சரி, இவ்வளவு இழுக்கலாம் என்று முடிவு செய்யும்.

ஊசி சரியாகத் தொடவில்லை என்றால் மின்சாரம் வரும், பேச்சு வராது. வந்திருப்பது 65 வாட்டா, 30 வாட் டூப்ளிகேட்டா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. தெரியாத சார்ஜரிலிருந்து அளவுக்கு மீறி இழுத்தால் சார்ஜர் சூடாகிக் கருகும். அதனால் அது முன்னெச்சரிக்கையாக இரண்டு வேலை செய்கிறது: பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துகிறது, ப்ராசஸரை மிகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடுகிறது. ப்ராசஸர் சூடாகிவிட்டால் தெரிவிப்பதற்காக ப்ராக்ஹாட் என்று ஒரு சிக்னல் கம்பி உண்டு. அது இருவழிப் பாதை. போர்டில் இருக்கும் வேறு சிப்பும் அதே கம்பியை இழுத்து, சூடே இல்லாவிட்டாலும், "மெதுவாப் போ" என்று ப்ராசஸரிடம் சொல்ல முடியும். அப்படித்தான் 0.39. கரண்ட் போனால்? சந்தேகத்துக்குரிய சார்ஜரே இல்லை, பேட்டரி எவ்வளவு கொடுக்கும் என்று லேப்டாப்புக்குத் தெரியும், கட்டு அவிழும். அந்தப் பெண் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எழுத்துக்கு எழுத்து உண்மை.

சார்ஜர் சரிதானா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. முனையில் 19.5 வோல்ட் சரியாக வந்தது. வோல்ட்டேஜ் சரி என்பதற்கும் பேச்சு சரி என்பதற்கும் சம்பந்தம் கிடையாது.

விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை அமைப்பான பையோஸுக்குள் போனேன். அடாப்டர், அதாவது சார்ஜர், வகை என்ற இடத்தில் தெரியவில்லை என்று இருந்தது. எதிர்பார்த்ததுதான். இரண்டு பக்கம் தள்ளி எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது: அடாப்டர் எச்சரிக்கைகள் என்ற அமைப்பு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புது லேப்டாப்பில் இது போட்டே வரும். யாரோ வேண்டுமென்று அணைத்திருக்கிறார்கள்.

"முன்னாடி ஆன் பண்ணும்போது கறுப்புத் திரையில இங்கிலீஷ்ல ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணே, நாலு வரி வரும். என்டர் தட்டினா போயிரும். அந்தக் கடையில எஸ்எஸ்டி போட்டதுக்குப் பொறவு அது வரல்ல. சரியாயிட்டுன்னு நெனச்சேன்."

அந்த நாலு வரியில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு மனப்பாடம்: அடாப்டரின் வகையை அறிய முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம், கிடைக்கும் மின்சாரத்துக்கு ஏற்ப வேகம் மாற்றப்படும். நோயின் பெயர், காரணம், விளைவு மூன்றையும் லேப்டாப்பே ஒவ்வொரு காலையிலும் சொல்லிக்கொண்டிருந்தது. இவர் என்டர் தட்டினார். கடையில் வாயை அடைத்தார்கள்.

சார்ஜரா, ஜாக்கா

ஊசி தொடவில்லை என்றால் குற்றம் சார்ஜரிலும் இருக்கலாம், லேப்டாப்பில் அது சொருகும் துளையான ஜாக்கிலும் இருக்கலாம். அவருடைய சார்ஜரை, கடையில் கிடந்த அதே வகை லேப்டாப்பில் பத்துத் தடவை சொருகிப் பிடுங்கினேன். பத்துத் தடவையும் 65 வாட் என்று அடையாளம் கண்டது. என் சார்ஜரை அவர் லேப்டாப்பில் பத்துத் தடவை சொருகினேன். ஆறு தடவை தெரியவில்லை. குற்றவாளி ஜாக்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கியது. சார்ஜரைச் சொருகும் அந்த நொடியில்தான் லேப்டாப் அடையாளம் கேட்கிறது. அந்த நொடியில் ஊசி தொட்டுவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடும். தொடாவிட்டால் பிடுங்கிச் சொருகும்வரை இழையும். முதல் நாள் என் மேசையில் நான் ஓரிரு தடவைதான் சொருகினேன், அவை நல்ல தடவையாக அமைந்துவிட்டன. எஸ்எஸ்டி போட்ட பிறகு இரண்டு வாரமும், ராம் போட்ட பிறகு நாலு நாளும் நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்; அந்த நாட்களில் சொருகிய தடவையெல்லாம் ஊசி தொட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்தும் வேலை செய்தது போலத் தெரிந்தது.

மூடியைக் கழற்றி ஜாக்கை வெளியே எடுத்தேன். நல்லவேளை, இந்த மாடலில் ஜாக் மதர்போர்டில் ஈயம் வைத்து ஒட்டியது இல்லை. சிறு வயர்களோடு தனியாக வரும் பாகம். டார்ச்சும் லென்ஸும் வைத்து உள்ளே பார்த்தால், ஊசி நுழையும் துளையின் விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அதன் மறுமுனையில், மதர்போர்டில் சொருகும் கனெக்டரில், பேசும் வயரின் காலிலும் அதே பச்சை. மின்சாரம் பாயும் தடித்த கால்களில் அவ்வளவு இல்லை. பேசும் கால் மெல்லியது, அதில் ஓடுவது சொற்ப மின்சாரம். லேசாகக் களிம்பு படிந்தாலே பேச்சு நின்றுவிடும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இது நம்ம போட்டு பேட்டரி டெர்மினல்ல வரும்லா. ஸ்டார்ட்டர் இழுக்காது, ஆனா லைட்டு எரியும்." பிறகு மகளைப் பார்த்து, "ஜன்னல் பக்கத்துல வைக்காத வைக்காதன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். லைட்டு எரிகிறது, ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை. அரைமணி நேரமாக நான் வார்த்தை தேடி விளக்கிக்கொண்டிருந்ததை அவர் கடலிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டார்.

வீட்டு விவரம் கேட்டேன். மேசை கடல் பார்த்த ஜன்னலுக்கு அடியில். ஜாக் இருப்பது லேப்டாப்பின் இடது பக்கம், ஜன்னல் பக்கமும் அதுவே. ஆனி, ஆடிக் காற்றில் அந்த ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ட் கேட்கும் என்றார். இரவில் சார்ஜரைப் பிடுங்கி வைக்கும்போது துளை திறந்தே கிடக்கும்.

செய்தவை, செய்யாதவை

புது ஜாக் நாகர்கோவிலில் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்தேன், பார்சல் வர நாலு நாள். அதுவரை வேலை நிற்கக் கூடாது. பழைய ஜாக்கை ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கனெக்டர் கால்களையும் துடைத்துக் காயவைத்துப் போட்டேன். பத்துக்கு எட்டுத் தடவை அடையாளம் கண்டது. "சொருகினதும் டாஸ்க் மேனேஜர்ல வேகத்தைப் பாருங்க. 0.39 நின்னா பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன்.

இதற்கு இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது. த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட் சிக்னலை ப்ராசஸர் மதிக்காது, வேகம் உடனே வந்துவிடும். யூடியூபில் இதையே வைத்தியமாகச் சொல்கிறார்கள். சோதனைக்காக ஐந்து நிமிடம் நானும் போட்டுப் பார்த்தேன், வேகம் வந்தது, என் கண்டுபிடிப்பு உறுதியானது. ஆனால் அப்படியே விட்டுக் கொடுக்கவில்லை. அதைச் செய்தாலும் பேட்டரி சார்ஜ் ஏறாது. அதோடு, நோயாளிகளின் தகவல் போய்வரும் அலுவலக வேலைக்கான லேப்டாப்பில் ப்ராசஸரின் பாதுகாப்பு அமைப்பைத் தொடும் மென்பொருளை நிரந்தரமாக ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தக் காரணத்தாலேயே விண்டோஸையும் பார்க்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி போட்டபோது ஏற்றியிருந்தது ஆக்டிவேட்டர் என்ற திருட்டு மென்பொருளை வைத்து, உரிமம் இல்லாமல் திறந்த விண்டோஸ் ப்ரோ. அந்த ஆக்டிவேட்டர் கிடந்த ஃபோல்டரை விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டர் சோதிக்கக் கூடாது என்று விலக்கு வேறு கொடுத்திருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு அவசியமே இல்லை. இந்த லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் ஹோம் உரிமத்தோடு வந்தது, அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. ஹோம் பதிப்பை ஏற்றி இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். காசு கொடுத்து வாங்கிய உரிமம் உள்ளே இருக்க, திருட்டுச் சாவி போட்டிருக்கிறார்கள்.

"மாடல் பழசு" என்பதும் சரியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அது உண்மை. ஆனால் விண்டோஸ் 11 கேட்பது, ஒன்றிரண்டு விலக்கு தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு. இந்த ப்ராசஸர் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது. பார்சல் வந்த அன்று அலுவலக ஐடி ஆளிடம் அவரைப் பேசச் சொல்லிவிட்டு, எஸ்எஸ்டியைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸ் 11 ஹோம் ஏற்றினேன். அலுவலகத்தோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்னை அவர்கள் ஆளே தொலைவிலிருந்து போட்டுக்கொடுத்தார்.

பேட்டரி ரிப்போர்ட் எடுத்ததில், புதிதாக இருந்தபோது 42,000 மில்லிவாட் மணி கொள்ளளவு, இப்போது 24,300. ஏழு வருடப் பேட்டரிக்கு அது மோசமில்லை, உப்பவும் இல்லை. கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்பதால் மாற்றவில்லை. கூடுதலாகப் போட்ட ராமையும் அப்படியே விட்டேன். அவர் வேலைக்கு எந்த நேரமும் 7 ஜிபிக்கு மேல் போகவில்லை. ஆனால் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ராம் இருப்பது இந்த வகை ப்ராசஸரின் கிராஃபிக்ஸுக்கு நல்லது, போட்டதைக் கழற்றுவானேன்.

புது ஜாக் போட்டு இருபது தடவை சொருகிப் பிடுங்கினேன். இருபதுக்கு இருபது. ஜிப் சோதனை சார்ஜரோடும் 47 விநாடி, சார்ஜர் இல்லாமலும் ஏறத்தாழ அதேதான். தீப்பெட்டி இல்லாமல் சார்ஜ் ஏறியது. ஜாக் 450, சர்வீஸ், விண்டோஸ் எல்லாம் சேர்த்து 1,400 வாங்கினேன். முதல் நாள் வாங்கிய 500-ஐ இதில் கழித்துக்கொண்டேன், அன்று நான் பார்த்தது பாதி வேலை.

கிளம்பும்போது அப்பா, "டெர்மினல்ல வாசலின் தடவுவோமே, அது மாதிரி இதுக்குள்ள ஒரு சொட்டு வச்சா என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். போட்டு டெர்மினல் ஒரு தடவை இறுக்கினால் இறுக்கியதுதான், உள்ளே மணல் போக வழியில்லை. இது நாளைக்கு நாலு தடவை சொருகிப் பிடுங்குகிற துளை. பிசுக்கு இருந்தால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் மேசையை உள்சுவர்ப் பக்கம் மாற்றவும், இரவில் ஜிப் வைத்த பைக்குள் வைத்து மூடவும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜரின் ஊசியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கவும் சொன்னேன்.

பையோஸில் அடாப்டர் எச்சரிக்கையை மறுபடி போட்டுவிட்டேன். அதை அவரிடம் தனியாகவும் சொன்னேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புத் திரை, நாலு வரி இங்கிலீஷ். கீழே, "என்டர் தட்டல்ல அண்ணே. அப்படியே வச்சிருக்கேன்."

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். 45 வாட் அடாப்டர் சொருகியிருக்கிறது, இந்த லேப்டாப்புக்கு 65 வாட் வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜாக் நன்றாகவே பேசுகிறது. "சார்ஜர் யாருது?" என்று கேட்டேன்.

"தம்பி அவனுக்கதை வச்சிட்டு எனக்கதை காலேஜுக்குக் கொண்டு போயிருக்கான்."